எட்டு நாளில் பாதி

மீன் தராசில் பூனையை நிறுத்தேன்.
வேறு தராசு கிட்ட இல்லை.
சீனன்குடா மா ஆலையில்
லொறி நிறுக்கிற பாலத்தில் எனக்கு வேலை;
இருபது கிலோவுக்குக் கீழே
அது எதையும் கண்டுகொள்ளாது.

"ரெண்டு தொள்ளாயிரம்" என்றான் சூசைநாதன்.
"வெட்டித் தரவோ, முழுசாய்க் கொண்டு போறியளோ?"
நான் சிரித்தேன்.
கும்பிளா தட்டில் ஒட்டியிருந்த
சூடைச் செதிலை நக்கிக்கொண்டிருந்தது.

போன வருசம் நாலு முந்நூறு.
தின்னாமல் மெலிந்ததென்றால் விளங்கும்,
இது என் பங்கையும் தின்று மெலிந்தது.
விடியப்புறம் மூன்று மணிக்குச்
சுவரைப் பார்த்துக் குழறும்.
நெஞ்சில் கை வைத்தால்
உள்ளே யாரோ தையல் மெசின் மிதிக்கிறார்கள்,
நாளைக்குக் கலியாணம் என்பது போல.

அந்த மெசினை எனக்குத் தெரியும்.

மிருக வைத்தியர் நஸ்மிலா
கழுத்தை இரண்டு விரலால் தடவினாள்.
பயறளவில் ஒன்று வழுக்கிப் போனது.
"தைரொயிட் கூடிப்போச்சு அக்கா."
கேட்கக் கூடாததை முதலில் கேட்டேன்:
"என்னிட்ட இருந்து தொத்தினதோ?"

ஒன்பது வருசத்துக்கு முந்தி, மகரகமவில்,
ஈயக் குடுவையைத் திறந்து
நீட்டுக் குறட்டால் ஒரு குளிசை தந்தார்கள்.
தந்தவர் உடனே கதவுக்கு அங்கால்.
வயிற்றுக்குள் வெளிச்சம் வரும் என்றிருந்தேன்.
பசிதான் வந்தது.
வானில் கடைசி சீட்டில் தனியே வந்தேன்.
சாரதி கண்ணாடியில் பார்த்துப் பார்த்து
ஹபரணை மட்டும் வாயே திறக்கவில்லை.

கோப்பை வேறு. கரண்டி வேறு.
கக்கூசுக்கு இரண்டு தரம் தண்ணீர்.
பிள்ளைகளைத் தூக்காதே,
வயிற்றுப் பிள்ளைக்காரிக்குக் கிட்ட நில்லாதே.
தாளில் பூனையைப் பற்றி ஒன்றும் இல்லை.
நானாய்ப் பேனையால் எழுதினேன்: பூனையும்.

எட்டு நாளில் பாதியாகும் என்றார்கள்,
அடுத்த எட்டில் பாதியின் பாதி.
கும்பிளா கதவடியில் கிடந்தது.
கீழிடுக்கால் கையை விட்டு
என் செருப்பை இழுக்கும்.
செருப்பிலும் இருக்குமோ என்று
நான் இங்கால் இழுப்பேன்.
அந்தச் செருப்பு இப்போதும் இருக்கிறது, வார் இல்லாமல்.

"தொத்தாது அக்கா" என்றாள் நஸ்மிலா.
"வெளிநாட்டில பூனைக்கும் உங்கட மருந்துதான்.
ஒரு ஊசி. ஒண்டு ரெண்டு கிழமை
கூட்டுக்குள்ள தனிய. அனேகமாய்ச் சுகம்.
இங்க அதுக்கு எங்க போறது?"

அந்தக் கூட்டை நினைத்துப் பார்த்தேன்.
தூர நின்று ஒருத்தி தட்டைத் தள்ளுகிறாள்.
எட்டு நாளில் பாதி என்று
யார் அதற்குச் சொல்வது?
பூனைக்குத் தாள் கொடுப்பதில்லை.

நான் ஒளித்தது மருந்தா, அப்போது?
அன்றைக்குக் கதவைத் திறந்திருந்தால்?
இல்லை, அது அப்படி வேலை செய்யாது,
பகலில் எனக்கு நன்றாய்த் தெரியும்.

இப்போது காலையில் இரண்டு பேரும் குசினியில்.
எனக்குச் சுரப்பி எரிந்து முடிந்தது:
குறைந்ததை நிரப்ப ஒரு குளிசை, வெறும் வயிற்றில்.
அதற்கு இன்னும் எரிகிறது:
கூடினதை அமர்த்த அரைக் குளிசை,
கீரிமீன் வயிற்றில்.
மீனைத் தின்றுவிட்டு
கழுவி வைத்தது போலக் குளிசையைத் துப்பும்.
பொறுக்கி, துடைத்து, மறுபடி.
ஜன்னலுக்குக் கீழே குடாக்கடல்.
அதிலும் அயடீன் இருக்கிறதாம்,
யாருக்கும் அளவு சொல்லாமல்.

இரண்டு மாதத்தில் மீன் தராசு சொன்னது:
"மூண்டு நூத்தம்பது."
"கொழுக்குது, இன்னும் கொஞ்சம் விட்டுப் பிடியுங்கோ"
என்றான் சூசைநாதன்.

நேற்று இரவு வேலை.
எட்டு மணிக் குளிசை கொடுக்க ஆளில்லை,
பிரம்புக் கூடையில் கூட்டிப் போனேன்.
பதினொன்றுக்குப் பிறகு லொறி இல்லை.
பாலத்தில் ஏறி நின்றேன்.
அறுபது என்றது.
இறங்கிப் போய், கூடையைத் தூக்கிக்கொண்டு
திரும்ப ஏறினேன்.
அறுபது.